ஏரிக்கரை வளைவும் நாலு ஆப்பும்

வண்டி வளைவில் திரும்பும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். மாட்டு வண்டியானாலும் அப்படித்தான், போன வருஷம் ஒரு புண்ணியவான் ஏற்றிக்கொண்டு போன மோட்டாரிலும் அப்படித்தான். சுரங்கத்துக்குள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கும்போது கொட்டாவி விட்டுக்கொண்டு போனவன் நான். கல் வெடித்து விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வளைவு வந்தால் உள்ளங்கால் கூசும். அது எப்படி வந்த பயம் என்பதைச் சொல்கிறேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நான் பேசுகிறதை அப்படியே போட்டால் வேலூர் தாண்டி யாருக்கும் புரியாது என்று நேராக்கிக்கொள்கிறாள். அடுத்தவர்கள் பேசிய பேச்சை மட்டும் தொடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்போது ரயில் பங்காருபேட்டையோடு நின்றுவிடும். எங்கள் தங்கவயலுக்குள் வந்ததெல்லாம் பிற்பாடு. நாங்கள் இருந்தது, இப்போது ஸ்கெலட்டன் என்கிறார்களே, அந்தப் பக்கத்துக் கூலிக்காரர் லைனில். தட்டி வைத்துக் கட்டிய வீடு. மழை வெளியே விட்ட பிறகும் உள்ளே சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சுரங்கத்தில் எனக்கு மரம் கட்டுகிற வேலை. கட்டில் பெட்டி செய்கிற தச்சு வேலை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. கல்லை உடைத்து எடுத்த இடம் வெறும் வாயாகத் திறந்து கிடக்கும். மேல்பாறை கீழே வராமல் இருக்க மரத்தை நிறுத்துவோம். நிறுத்தினால் போதாது. மரத்துக்கும் பாறைக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து இருந்தால்கூட மரம் ஆடும். ஆடுகிற மரம் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் சாயும். அதனால் அந்தச் சந்தில் ஆப்பு அடிப்போம். அடித்த ஆப்பின் மேல் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவோம். ஊறினால் ஆப்பு பருத்து, அதற்கு மேல் இறுக முடியாத அளவுக்கு இறுகிவிடும். பிறகு மரத்தைச் சுத்தியால் தட்டிப் பார்ப்போம். கணீரென்று கேட்டால் நிம்மதியாகச் சோறு தின்னலாம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண் பார்த்ததைவிடக் காது கேட்டதுதான் அதிகம். பாறை சில நேரம் சொடக்கு எடுக்கிற மாதிரி சத்தம் போடும். அப்போது நாங்கள் யாரும் பேச மாட்டோம். எது ஆடுகிறது என்று மட்டும் காது கொடுத்துக் கேட்போம்.

அந்த வேலையில் ஆறு வருஷம் இருந்தவனுக்கு ஆட்டம் என்றாலே சாவு. அதை மனசில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாசம். அதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இரண்டும் ஐந்தாம் மாசத்திலேயே போய்விட்டன. இது ஏழு வரைக்கும் வந்ததே என்று நாங்கள் அதைப் பற்றிப் பேசக்கூடப் பயந்தோம். ஒரு நாள் காலை ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புடவையில் உதிரம்.

லைனில் பிள்ளை பார்க்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த வாய். வந்து பார்த்தாள். வயிற்றில் கை வைத்தாள். வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கொழந்த உசுரோட கீது. ஆனா இது என் கைல அடங்கற சமாச்சாரம் இல்ல. கோலார் ஆஸ்பத்திரில படிச்ச மருத்துவச்சி அம்மா கீறாங்க. அங்க எடுத்துக்கினு போ. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோ. அவ ஆடக்கூடாது. ஒரு ஆட்டம் ஆடக்கூடாது. ஆடுனா திரும்ப உதிரம் ஊத்தும். அப்பறம் ரெண்டு உசுருக்கும் நான் ஜவாப்தாரி இல்ல."

ஆடக்கூடாது. இந்த ஒரு சொல்தான் என் காதில் ஏறியது.

அரிசி மண்டிக்காரர் ஒருவரிடம் வில்வண்டி இருந்தது. வில்வண்டி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கட்டை வண்டியில் அச்சின் மேலேயே வண்டி உட்கார்ந்திருக்கும். வில்வண்டியில் அச்சுக்கும் வண்டிக்கும் நடுவே இரண்டு பக்கமும் இரும்புப் பட்டைகளை அடுக்கி வளைத்த வில் இருக்கும். வண்டி அந்த வில்லின் மேல் தொங்குகிற மாதிரி. மண்டிக்காரர் நல்லவர், கேட்ட உடனே கொடுத்தார். ஓட்டுகிறவர் பங்காருபேட்டைப் பக்கத்துத் தெலுங்குக்காரர், தமிழ் எங்களை மாதிரியே பேசுவார். இரண்டு மாடு, ஒன்று வெள்ளை, இன்னொன்றுக்குக் காது கிழிந்திருக்கும். காது கிழிந்ததுதான் கெட்டி என்பார். எதையாவது பார்த்து மிரண்டால் மிரண்ட இடத்திலேயே நின்றுவிடுமாம், ஓடாதாம். அது எவ்வளவு பெரிய குணம் என்று பிறகுதான் தெரிந்தது.

வைக்கோல் பரப்பி, மேலே மெத்தை போட்டு, மனைவியை நாலு பேர் தூக்கிப் படுக்க வைத்தோம். வண்டிக்காரர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். நான் பின்னால் ஏறினேன். ஏறின உடனே வண்டி என் பக்கம் சாய்ந்து, பிறகு அந்தப் பக்கம் சாய்ந்து, தொட்டில் மாதிரி மேலும் கீழும் போனது. உள்ளேயிருந்து மனைவி "ஐயோ" என்றாள். நின்ற இடத்திலேயே இப்படி ஆடுகிறதே, கோலார் வரைக்கும் எப்படி?

இறங்கி வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அச்சுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவே நாலு விரல் சந்து. எங்கே ஆட்டம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வேலை செய்கிறவன் கண்ணுக்குச் சந்து தப்பாது.

வீட்டில் அடுப்புக்கென்று கொண்டு வந்து போட்ட சுரங்கத்து மரத்துண்டு கிடந்தது. கைக்கோடாலியால் நாலு ஆப்பு சீவினேன். பக்கத்துக்கு இரண்டாக, வில் அமுங்கவும் முடியாமல் எழும்பவும் முடியாமல் இறுக்கி அடித்தேன். மேலே ஒரு செம்புத் தண்ணீரும் ஊற்றினேன். சட்டத்தைத் தட்டினேன். கணீரென்றது. மறுபடி ஏறிப் பார்த்தேன். பாறை மாதிரி நின்றது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. வண்டிக்காரரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. மாடு பூட்டினோம், கிளம்பினோம், அவ்வளவுதான்.

பிள்ளை பார்க்கிற அம்மாவும் கூட வந்தாள். மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் பின்னால் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன்.

கல் அரைக்கிற மில் தாண்டும் வரைக்கும் மணல் பாதை, ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் கல் போட்ட ரோடு வந்தது. முதல் கல்லில் சக்கரம் ஏறிய உடனே என் பல் ஒன்றோடொன்று இடித்தது. அடுத்த கல்லில் உள்ளே மனைவி கத்தினாள்.

"இன்னாமே, வலிக்குதா?" என்றேன்.

"வலிக்குதாவா? உலக்கையால அடிவயித்துல இடிக்கற மாதிரி கீதுய்யா. இது வில்வண்டியா, செக்கா?"

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா நைனா இது, கட்ட வண்டி மாதிரி தட்டுது? நேத்துகூட மண்டிக்காரரு மாமியார வேலூர் ரோட்டுல ஏத்திக்கினு போனேன், தூங்கிடுச்சி கிழவி."

"ஆளு ஜாஸ்தி இல்லியாண்ணா, அதான்," என்றேன்.

இந்த ஒரு பேச்சை நினைத்தால் இன்றைக்கும் என்னால் மூஞ்சியைத் தூக்க முடியாது. அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு மனசாக இருந்தது. ஆப்பு தப்போ என்று ஒரு மனசு. ஆப்பில்லாமல் விட்டால் ஆடுமே, ஆடினால் உதிரம் ஊற்றுமே என்று இன்னொரு மனசு. ஆறு வருஷம் எனக்கு உயிர் கொடுத்த ஆப்பு எப்படித் தப்பாகும்? சந்தில் கையை விட்டு ஒரு ஆப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஊறிப் பருத்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு கல் தூரம் போனதும் அந்த அம்மா மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். கையை எடுத்து எனக்குக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் சிவப்பு. எப்போதும் மூடாத வாய் மூடிக்கொண்டதில் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

"அண்ணா, சீக்கிரம் போங்கண்ணா," என்று கத்தினேன். அவரும் மாட்டை விரட்டினார்.

அங்கே ஒரு பாறை மேட்டிலிருந்து ரோடு சரிவாக இறங்கும். இறங்கின கையோடு வலது பக்கம் ஒடித்துத் திரும்பி ஏரிக்கரை மேல் ஏறும். இடது கைப் பக்கம் தண்ணீர். அந்த வருஷம் நல்ல மழை, கரையோடு கரையாகத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் அந்த வளைவை நூறு தடவை திரும்பினவர். தன் வண்டி எப்படித் திரும்பும் என்று அவர் கைக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அது அவருடைய வண்டியே இல்லை.

சரிவில் மாடு ஓட்டமாக இறங்கியது. வளைவில் மூக்கணாங்கயிற்றை வலது பக்கம் இழுத்தார். மாடு திரும்பிவிட்டது. வண்டி திரும்பவில்லை. ஒரு கல்லில் ஏறிய இடது சக்கரம் வண்டியையும் தூக்கிக்கொண்டு எழும்பிக் கீழே விழுந்தது, மறுபடி எழும்பியது. ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் வண்டியின் பின்பக்கம் தண்ணீரைப் பார்த்து ஒரு முழம் நகர்ந்தது. பின்னால் தொங்கிக்கொண்டிருந்த என் காலுக்குக் கீழே ரோடு இருந்தது, பிறகு புல் இருந்தது, பிறகு தண்ணீர் இருந்தது. தண்ணீரில் என் காலின் நிழலைப் பார்த்தேன். மனைவி கத்தவில்லை. என் பெயரைச் சொல்லாத பெண், அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் பெயரைச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

கரை ஓரத்தில் நட்ட கல் ஒன்றில் சக்கரம் மோதி நின்றது. காது கிழிந்த மாடு நாலு காலையும் ஊன்றி அப்படியே நின்றுவிட்டது. அது ஓடியிருந்தால் இதை எழுத மருமகளும் இல்லை, நானும் இல்லை.

வண்டிக்காரர் குதித்து இறங்கினார், நானும் கரைப் பக்கமாக இறங்கினேன். அச்சு போச்சா, கடையாணி போச்சா என்று குனிந்து பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். எழுந்து என்னிடம் வந்தார்.

"யார்ரா இது வெச்சது?"

அதுவரைக்கும் அவர் என்னை டா போட்டதில்லை.

"நான்தாண்ணா. ஆடக்கூடாதுன்னாங்க."

"ஆடக்கூடாதுன்னா வில்லுக்கா ஆப்பு வெப்ப? டேய், வில்லு இன்னாத்துக்குடா கீது? உன் குண்டி நோவக்கூடாதுன்னு மட்டுமா? சக்கரம் பள்ளத்துல எறங்கும், கல்லுல ஏறும், அது தலையெழுத்து. வண்டி அதும்பாட்டுக்கு மேல இருக்கணும். நடுவுல வில்லு வாங்கிக்கும், சக்கரத்த தரையோட அமுக்கி வெச்சிக்கும். நீ ரெண்டையும் சேத்து ஒண்ணா கட்டிட்ட. கல்லு ஏறன சக்கரம் வண்டியையும் தூக்கிக்கினு குதிக்குது. குதிச்சா தரைய உட்டுடுது. தரைய உட்ட சக்கரம் எதப் பிடிச்சிக்கினு திரும்பும்? காத்தையா?"

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "இன்னா வெச்சாரு?"

"ஆப்பு வெச்சிருக்கான்மா உன் புருஷன். நாலு."

"நெனச்சேன்," என்றாள்.

ஆப்பைத் தட்டி எடுத்துவிடு என்று வண்டிக்காரர் வண்டியில் கிடந்த கோடாலியைக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. அடியில் ஒரு தட்டு தட்டினால் மேலே அவள் முதுகில் விழும். கீழே இறக்கிவிட்டுத் தட்டலாம் என்றால் பிள்ளை பார்க்கிற அம்மா விடவில்லை. "தூக்கனா ஊத்தும். படுத்தவ படுத்தபடி கெடக்கட்டும்," என்றாள். ஆப்போ ஊறி இறுகிக் கிடக்கிறது, மேலே இரண்டு பேர் கனம்.

சுரங்கத்தில் அடித்த ஆப்பை எடுக்க வேண்டி வந்தால் அடிக்க மாட்டோம். மேலே இருக்கிற கனத்தை வேறு மரத்தால் தாங்கிக்கொள்வோம். கனம் போனால் ஆப்பு கையோடு வரும். வண்டியை நிறுத்தி வைக்கிற முட்டுக்கட்டை இருந்தது. ஒரு கல்லை வைத்து, அதன் மேல் கட்டையைப் போட்டு, முனையைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்தேன். மறு முனையை அமுக்க ஆள் வேண்டும். வண்டிக்காரர் மாடுகளின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு அடி முன்னால் போனாலும் சக்கரம் என் கழுத்தின் மேல். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன்.

"இன்னாய்யா பாக்கற? ஒடம்பப் பாக்கறியா?" என்றாள். இறங்கி வந்து கட்டையின் முனையில் உட்கார்ந்தாள். வண்டி சத்தமில்லாமல் ஒரு விரற்கடை எழும்பியது. அந்த உடம்புக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுவேன்.

நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். மூஞ்சிக்கு நேரே பலகை. பலகை இடுக்கிலிருந்து ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்தது. துடைத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் கை ஓடாது. வலது பக்கத்து ஆப்பு இரண்டும் பல்லைப் பிடுங்குகிற மாதிரி ஆட்டி ஆட்டி வந்துவிட்டன. இடது பக்கம் ஒன்று வந்தது. நாலாவது வரவில்லை. அந்தப் பக்கம் கரை சரிவு, கட்டை வைக்க இடமில்லை. அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டேன்.

"ஒரு பக்கம் வில்லு, ஒரு பக்கம் கல்லா? அடுத்த வளைவுல கவுத்துடும்," என்றார் வண்டிக்காரர்.

தண்ணீரில் இறங்கினேன். இடுப்பளவு. சேறு காலை இழுத்தது. சட்டத்துக்கு அடியில் முதுகைக் கொடுத்துத் தூக்கினேன். ஒரு கையால் ஆப்பைப் பிடித்து இழுத்தேன். வந்தது. வந்த வேகத்தில் வில் இறங்கி என் இடது சுட்டுவிரலை அச்சோடு வைத்து நசுக்கிவிட்டது. நுனி இன்றைக்கும் தட்டையாகத்தான் இருக்கிறது. அப்போது வலி தெரியவில்லை. தண்ணீருக்குள் நின்றுகொண்டு, "இன்னாமே, கீறியா?" என்று கேட்டேன்.

"கீறேன், கீறேன். மேல வா," என்றாள்.

நாலு ஆப்பையும் ஏரியில் எறிந்தேன். மரம்தானே, மிதந்துகொண்டு எங்களையே பார்த்தன.

பிறகு வண்டி போன விதமே வேறு. கல்லில் சக்கரம் ஏறும், இறங்கும், கீழே டக் டக் என்று கேட்கும், மேலே அவள் படுத்தபடி படுத்திருப்பாள். "இப்பதான் தூளி மாதிரி கீது," என்றாள். எனக்கோ ஒவ்வொரு வளைவிலும் உயிர் போய் வந்தது. சாய்ந்ததே, சாய்ந்ததே! வண்டி வெளிப்பக்கம் சாயும்போதெல்லாம் மேல்பாறை இறங்குகிற மாதிரி இருந்தது எனக்கு. வண்டிக்காரர் வளைவுக்கு முன்பே மாட்டை அடக்கிவிடுவார், திரும்பும்போது அடக்க மாட்டார், விட்டுவிடுவார். "உள்பக்கம் வா நைனா" என்பார். நான் நகர்ந்து உள்பக்கத்துச் சட்டத்தோடு ஒட்டிக்கொள்வேன். சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாய்ந்தது வண்டிதான். சக்கரம் மண்ணை விடவே இல்லை. கண் அதைப் பார்த்தது, உடம்பு நம்பவில்லை.

கோலார் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மருத்துவச்சி அம்மாள் வயிற்றில் ஒரு மரக்குழலை வைத்து, அதில் காதை வைத்துக் கேட்டார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுரங்கத்தில் பாறையைக் கேட்கும்போது நாங்கள் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போமோ, அப்படி. ரொம்ப நேரம் கேட்டார். குழலை இடம் மாற்றி வைத்துக் கேட்டார். எனக்குக் காது அடைத்துவிட்டது.

"இருக்கு," என்றார். "படுத்த படுக்கையா இருக்கணும். இருபது நாளோ, முப்பது நாளோ. இன்னும் ஒரு நாழி இப்படி இடிச்சிக்கினு வந்திருந்தா நான் சொல்ல ஒண்ணும் இருந்திருக்காது. எதுல கூட்டியாந்தீங்க?"

பிள்ளை பார்க்கிற அம்மா என்னைப் பார்த்தாள். நான் விரலைத் துணிக்குள் மறைத்துக்கொண்டேன்.

"வில்வண்டிலதாம்மா," என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் சொல்லாததை என் மனைவி சொன்னாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னாள், அவளைப் பார்க்க வந்தவர்களிடம் சொன்னாள். நான் சோறு எடுத்துக்கொண்டு போனால், "ஆப்புக்காரர் வந்துட்டாரு" என்று ஒரு வரிசையே சிரிக்கும். சிரிக்கட்டும் என்று இருந்தேன். சிரிக்க அவள் இருந்தாளே.

பெண் குழந்தை பிறந்தது. எட்டு மாசத்துக் குழந்தை, ஒரு கைக்குள் அடங்கும், அழுகை மட்டும் சங்கு மாதிரி. அதே வில்வண்டியில்தான் அழைத்துக்கொண்டு வந்தோம். வண்டிக்காரர் நான் ஏறும் முன்னால், "நைனா, மடிய அவுத்துக் காட்டு. எதனா சீவி வெச்சிருக்கியா?" என்றார். காட்டினேன். மூக்குப்பொடி மட்டைதான் இருந்தது.

ஏரிக்கரை வந்தது. இப்போது தண்ணீர் இடது பக்கம் இல்லை, வலது பக்கம். அவர் முன்பே அடக்கினார். "உள்பக்கம் வா" என்றார். என்னால் முடியவில்லை.

"நிறுத்துங்கண்ணா," என்றேன். இறங்கிவிட்டேன்.

"கொழந்த எங்ககூடதான் வருது. உனக்கின்னாய்யா பயம்?" என்றாள் மனைவி.

அதுதான் பயம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வண்டி மெதுவாக வளைவில் திரும்பியது. தண்ணீர்ப் பக்கத்துச் சக்கரத்துக்கும் கரை ஓரத்துக்கும் நடுவே நான் நடந்தேன். வண்டி வந்தால் என்னால் தாங்க முடியாது, தெரியும். ஆனாலும் நடந்தேன். கண்ணைச் சக்கரத்தை விட்டு எடுக்கவில்லை. கல்லில் ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது. ஒரு தடவைகூட மண்ணை விடவில்லை. வளைவு முடிந்து நேர் ரோடு வந்த பிறகும் வெகுதூரம் அப்படியே நடந்துகொண்டிருந்தேன். அவர்களும் ஏறு என்று சொல்லவில்லை.